நாலு பொன்னாடையும் ஒரு டி.டி. ஊசியும்

குமரி மாவட்டத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களின் தலைவர்கள், உறுப்பினர்கள், ஆணையர்கள், செயல் அலுவலர்கள் எல்லோருக்கும்,

வணக்கம்.

என் வீட்டு அலமாரியில் நாலு பொன்னாடைகள் கிடக்கின்றன. நாலும் பாலியெஸ்டர். தலை துவட்ட உதவாது, போர்த்தினால் புழுங்கும். உங்களைப் போன்ற மன்றங்கள் போர்த்தியவைதான். நாங்கள் பதினோரு பேர், ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், இறங்கிக் குப்பை வாருகிறோம். பக்கத்துக் குளத்தில் ஆகாயத்தாமரையையும் இழுத்துப் போடுகிறோம். அதற்குத்தான் அந்த மரியாதை.

கடைசியாக நடந்த விழாவைச் சொல்கிறேன். எந்த மன்றம் என்பது வேண்டாம். காலை ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், பன்னிரண்டே காலுக்கு மேடை ஏற்றினார்கள். ஆளுக்கொரு சான்றிதழ், மூன்று பேருக்குப் பெயர் தப்பு. அது கிடக்கட்டும். எங்களோடு அதே சேற்றில் நிற்கிற தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு அந்த ஹாலில்தான் இருந்தார்கள், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு. எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து தந்ததும் அவர்கள்தான். அதில் ஓர் அக்கா, "சார், போட்டோவுக்கு நல்லா நில்லுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு எங்களில் ஒரு தம்பியின் காலைப் பாட்டில் ஓடு கிழித்திருந்தது. நம் ஊர்க் குளங்களில் மீன் இருக்கிறதோ இல்லையோ, உடைந்த குவார்ட்டர் பாட்டில் கட்டாயம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து தையல், ரணஜன்னி வராமல் தடுக்க ஒரு டி.டி. ஊசி, நாலு நாள் வேலைக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. அவன் தினக்கூலிக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஆஸ்பத்திரிச் செலவைப் பங்கு போட்டுக் கட்டினோம். போன கூலிக்கு ஈடாகக் கொடுத்ததை அவன் வாங்க மறுத்துவிட்டான். கட்டுப் போட்ட காலோடுதான் மேடைப் படி ஏறிப் பொன்னாடை வாங்கினான்.

சரி, பின்னே என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்து மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் ஆட்களை மீட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அரசு அப்போது, படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகச் சொன்னது. சேதமான படகுகளைச் சரிசெய்து தருவதாகவும் சொன்னது. உயிரைக் காப்பாற்றியதற்குக் காசு வேண்டாம் என்று சொன்ன மீனவர்களும் உண்டு. பாராட்டு விழாவும் நடந்தது. எனக்குப் பிடித்தது படகுச் சங்கதிதான். சுவரிலும் கல்லிலும் மோதிப் படகு உடைந்திருக்கும், அந்தச் செலவை உதவிக்கு வந்தவன் தலையில் கட்டக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நம்மிடம் அந்த யோசனை இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து, ரப்பரும் தென்னையும் மின்கம்பமும் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தபோது, வெட்டுகத்தியும் மரவாளும் எடுத்துக்கொண்டு முதலில் இறங்கியது அந்தந்தத் தெருப் பையன்கள். உங்கள் அலுவலகத்தில் அவர்களுடைய பெயர்ப் பட்டியல் ஏதாவது இருக்கிறதா? யாருக்கு மரம் அறுக்கத் தெரியும், யாருக்கு நீச்சல் தெரியும், யாரிடம் டெம்போ இருக்கிறது, யாருக்கு என்ன ரத்த வகை? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. அது நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால் கோதையாறும் குழித்துறை ஆறும் பெருகும் என்று தாழ்வான பகுதிகளுக்கு எச்சரிக்கை விடுகிறீர்கள். அந்த நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட யாரைக் கூப்பிடுவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டாமா?

ஊசியும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸை ஞாயிறு காலை சானல்கரைக்கு அனுப்பினால், யார் யாருக்கு ஊசி போட நாளாயிற்று என்று பார்த்து அங்கேயே போட்டுவிடலாம். தடித்த கையுறையும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கொடுங்கள். மம்பட்டிகளைப் பூட்டி வைக்கப் பக்கத்திலுள்ள பம்ப் ரூமில் ஒரு மூலையைத் திறந்துவிடுங்கள். இப்போது பதினோரு மம்பட்டியும் என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால்தான் நிற்கின்றன, வீட்டுக்காரிக்கு அதில் ரொம்ப வருத்தம்.

இன்னொன்று. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டுக்கு வருஷம் 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம் ரூபாய். தையலுக்கும் ஊசிக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது, தெரியும். ஆனாலும் பதினோரு பேருக்கு மொத்தம் 220 ரூபாய், அதுவும் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. படிவங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஊழியர் ஒரு காலை வந்து பூர்த்தி செய்து வாங்கிப் போனால் ஆயிற்று. தம்பியின் கால் கிழிவதற்கு முன்பே இதை நாங்களே செய்திருக்கலாம்தான். யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம், எங்களிடம் கொஞ்சம் கேட்கவும் செய்யுங்கள். எந்த மடை அடைத்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எந்தக் கல்யாண மண்டபம் ராத்திரியில் இலைக்கட்டைச் சானலில் தள்ளுகிறது என்பதெல்லாம் ஆறு வருஷமாகச் சேற்றில் நிற்கிறவனுக்குத் தெரியும். வார்டு மக்கள் கூடித் தங்கள் குறைகளைச் சொல்ல, நகர்ப்புறங்களுக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் என்று 2022-இல் விதி வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, முதல் கூட்டங்கள் நடந்தன. 1956-இல் குமரி தமிழகத்தோடு சேர்ந்த நாளும் அதுதான், நமக்கு மறக்காது. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். சொன்னதில் எது முடியும், எது முடியாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்றே வந்தாலும் பரவாயில்லை.

ஒன்றில் மட்டும் நாங்கள் பிடிவாதம். இவர்கள் சும்மா வாருகிறார்களே, இந்த வார்டில் இரண்டு தூய்மைப் பணியாளரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாருக்காவது தோன்றினால், அன்றைக்கே மம்பட்டியைக் கீழே வைத்துவிடுவோம். எங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வேலை. அவர்களுக்கு இது சோறு.

டிசம்பர் 5 உலகத் தன்னார்வலர் நாள், 1985-இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு விழா வைப்பீர்கள். வையுங்கள், காலை ஆறரை மணிக்குக் குளத்தங்கரையில். நாற்காலி வேண்டாம். சான்றிதழ் அடித்தே ஆக வேண்டும் என்றால் பதிமூன்றாக அடியுங்கள். எங்கள் பதினோரு பேரின் பெயரையும், அந்த அக்காவின் பெயரையும், அவரோடு வருகிற அண்ணனின் பெயரையும் தனித்தாளில் தெளிவாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்தைச் சரிபார்த்து அடிக்கவும்.

இப்படிக்கு,
சானல்கரை ஞாயிற்றுக்கிழமைக்காரர்களில் ஒருவன்