ஐந்து கட்டம்

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய போர்வைப் படம் வந்து 20 நாள் ஆகிறது. அதன்பின் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். நடுவில் ஓடும் வளைவுகள் ஒன்றையொன்று தொடாமல், மணலில் நீர் ஓடிய தடம் மாதிரி இருக்கின்றன. துணியைத் தள்ளும் மிஷின் பல்லை இறக்கிவிட்டு, மூன்றடுக்குத் துணியைக் கையாலேயே ஓட்டித் தைப்பது லேசான வேலையா! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

ஆனால் கீழ்ப்பகுதியில் தையல் நீண்டுவிட்டது. கை முந்துகிறது, ஊசி பிந்துகிறது. திருப்பிப் பார், வளைவுகளில் மேல்நூல் சிலந்திக் கால் மாதிரி பின்பக்கம் இழுபட்டிருக்கும். பல்லை இறக்கிய பிறகு தையலின் நீளம் உன் கையில்தான் இருக்கிறது. துணியை இழுக்காதே. இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடித்து முறியும். நிறுத்தும்போது ஊசி துணிக்குள் இறங்கி நிற்கட்டும். தொடங்கும்முன் அடியிலிருக்கும் பாபின் நூலை மேலே எடுத்துக்கொள். இரவில் தைக்காதே. படத்தில் சுவர்க்கடிகாரம் இரண்டு மணி காட்டுகிறது, ஜன்னலோ இருட்டு.

இன்னொன்று. குறுக்கே ஐந்து கட்டம்தான் இருக்கிறது. கட்டம் 12 அங்குலம் என்று நீதான் சொன்னாய். 5 அடி அகலம் இரண்டு பேருக்குப் போதாதே. அளவெடுத்துப் பழகிய கண், அதனால் கேட்டேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். துணியை மட்டும் இழுக்காதே.

இதையெல்லாம் யாரோ வீடியோவில் சொல்லித்தர நீ கற்றிருக்கிறாய். ஏழாம் வகுப்பில், நான் சாப்பிடப் போன நேரம், மர வளையத்தில் ஒரு ஜாக்கெட் துணியை மாட்டி மாங்காய்ப் பூவேலை போட்டாய். பாதியில் ஊசி முறிந்தது. நீயே ஓடிவந்து சொன்னாய். நான் அடிக்கோலால் உன் விரல் முட்டியில் அடித்தேன். உன் படிப்பை நினைத்துத்தான் அடித்தேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். வாடிக்கைக்காரரின் துணி பாழானதே என்ற பயம். அன்றிலிருந்து எது முறிந்தாலும் நீ என்னிடம் சொல்வதில்லை, செல்வி. உன்னை அப்படி ஆக்கியவன் நான்.

அந்த அரை மாங்காய் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. வளைவு நன்றாகவே வந்திருந்தது. அன்று அதைச் சொல்லவில்லை.

எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன். போர்வையில் கட்டம் கூட்ட வேண்டாம், ஐந்தாகவே இருக்கட்டும். ஓரத்துக்குத் துணியைச் சாய்வாகக் குறுக்கு வெட்டில் எடுத்த பட்டி போடு, வளைந்த மூலையில் சுருங்காது.

அப்பா