சப்பாத்து நாடா கட்டிவிட்டவருக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கையர் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றுச் சனிக்கிழமை லண்டன் புஷி பார்க்கில் பார்க்ரன் ஓட்டத்தின் ஐந்து கிலோமீற்றரையும் நடந்து முடித்துவிட்டேன். இதை எழுதும்போது ஞாயிறு காலை. கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிக் கிடக்கின்றன. மாடிப்படியில் இருந்து இருந்துதான் இறங்கினேன். ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆறப்போட்டால் கூச்சம் வந்துவிடும், பிறகு எழுத மாட்டேன்.

சித்திரையில் நான் நோயில் விழுந்ததிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அதற்குள்ளேயே எங்களோடு நின்றவர்கள். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. நேரே சனிக்கிழமைக்கு வருகிறேன்.

பார்க்ரன் என்றதும் மரதன் என்று நினைத்துப் பயந்த மாமிமாருக்காக ஒரு சிறு விளக்கம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, ஐந்து கிலோமீற்றர், கட்டணம் கிடையாது. ஒருதரம் பெயரைப் பதிந்து ஒரு பார்கோட் எடுத்து வைத்தால் ஆயுளுக்கும் போதும். ஓடலாம், நடக்கலாம், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டும் வரலாம். பல நாடுகளில் இப்போது நடக்கிற இந்த ஓட்டத்துக்குப் பிறந்தகம் நம் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருக்கிற இதே புஷி பார்க்தான். 2004 ஒக்டோபர் 2ஆம் திகதி 13 பேர் ஓடினார்கள். இப்போது ஆயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். தொடங்கி வைத்த போல் சின்டன்-ஹியூவிட் அந்த நாட்களில் காயப்பட்டு ஓட முடியாமல் இருந்தவர். ஓடுகிற நண்பர்களை விட்டுப் பிரிய மனமில்லாமல் மற்றவர்களுக்கு ஓட்டம் வைத்தார். முடித்தவர்களுக்கு அப்போது கொடுத்த இலக்கம், இரும்புக்கடையில் வாங்கிய வாஷரில் அடித்ததாம். மகள் இதைச் சொன்னபோதுதான் எனக்குத் துணிவு வந்தது. ஓட முடியாத ஒருவர் தொடங்கிய ஓட்டத்தில் எனக்கும் ஓர் ஓரம் இருக்கும்தானே.

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி மட்டும் சம்மதிக்கவில்லை. "நடக்கத்தான் வேண்டுமென்றால் பிள்ளையார் கோயிலைப் பதினொரு தரம் சுற்று, புண்ணியமாவது மிஞ்சும்" என்றார். அதுவும் சுற்றுகிறேன் மாமி, கோபிக்காதீர்கள்.

தொடங்கியதும் நான் கண்டது வெறும் முதுகுகள்தான். பத்து நிமிடத்தில் அந்த முதுகுகளும் போய்விட்டன, அதன் பிறகே பூங்கா தெரிந்தது. பன்னச் செடிகள் எல்லாம் துருப்பிடித்த நிறத்தில் சாய்ந்து கிடந்தன. தூரத்தில் யாரோ பழுதான லொறியைக் கிளப்புகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் செம்மான் கிடா. ஒக்டோபர் அவற்றுக்கு இணைசேரும் காலம். கொம்பில் பன்னத்தையும் புல்லையும் அள்ளிச் சுற்றிக்கொண்டு நின்று அப்படிக் கத்துகிறது. மான் என்றால் நமக்குச் சீதை ஆசைப்பட்டது போன்ற சாதுப் பிராணி என்றுதான் நினைப்பு. இதைக் கண்டால் சீதையே வேண்டாம் என்றிருப்பாள். ஐம்பது மீற்றராவது தள்ளி நில்லுங்கள் என்று அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். நான் நூறு தள்ளி நின்றேன்.

மகள் கூடவே வந்தாள். இரண்டாவது கிலோமீற்றரில் "நீ ஓடு பிள்ளை" என்று நான்தான் துரத்தினேன். பாவம், ஆறு மாதமாக என் வேகத்துக்கே வாழ்கிற பிள்ளை. இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் பார்க்காமல் ஓடினாள். அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் என் காலை நான் கவனிக்கவில்லை. மூன்று கிலோமீற்றர் தாண்டியதும் வலது சப்பாத்தின் நாடா அவிழ்ந்துவிட்டது.

சித்திரையிலிருந்து என் சப்பாத்து நாடாவை நான் கட்டியதில்லை. குனிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் இவர் கட்டிவிடுவார். நேற்று இவருக்கு அதிகாலை வேலை, மகள் அவசரத்தில் கட்டிவிட்டாள். இப்போது நாடா ஈரமண்ணில் இழுபடுகிறது. மற்றக் காலால் மிதித்தால் விழுவேன். இருந்து கட்டலாம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வாங்கு இல்லை. புல்லில் இருந்தால் எழும்ப முடியாது. நாடாவைச் சப்பாத்துக்குள் சொருகிவிடலாம் என்றால் அதற்கும் குனியத்தான் வேண்டும். ஐம்பத்திரண்டு வயது மனுஷி ஒரு நாடாவுக்கு முன்னால் செய்வதறியாமல் நின்றேன். அழுகை வந்துவிட்டது. வைத்தியசாலையில் வராத அழுகை, உங்கள் முன்னால் வராத அழுகை, அந்த நாடாவுக்கு வந்தது.

எனக்குப் பின்னால் செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. உண்மையைச் சொன்னால் அதுவரை அவர்மேல் எனக்கு எரிச்சல்தான். நான் நின்றால் நிற்கிறார், நடந்தால் நடக்கிறார், காவலுக்கு விட்டதுபோல. இப்போது கிட்ட வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஈரப்புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி இருந்தார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று காலை இழுத்தேன். பெரியவர்களின் காலைத்தான் நாம் தொட்டு வளர்ந்தோம். அப்பாவின் வயது மனிதர் என் சப்பாத்தைத் தொடுவதா! இதை அவருக்கு எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? "சேறு" என்று மட்டும் சொன்னேன். "கழுவினால் போகும்" என்றார். காலை இழுத்ததில் நான் தடுமாற, பிடிக்க ஏதாவது தேடிய கை போய் அவருடைய கம்பளித் தொப்பியில் நின்றது. யாராவது பார்த்திருந்தால் நான் அவருக்கு ஆசீர்வாதம் கொடுக்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள்.

விரல்கள் வாதத்தில் கோணியவை. ஆனால் அவற்றுக்கு அவசரம் இல்லை. முதலில் நாடாவில் ஒட்டியிருந்த சேற்றை இரண்டு விரலால் வழித்து எறிந்தார். கீழ்த் துளையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குறுக்கையும் இழுத்து இழுத்து மேலே வந்தார். இரண்டு வளையம் செய்து, ஒன்றை மற்றதற்குள் விட்டு இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார். சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், தீபாவளிக்குச் சப்பாத்து வாங்கித் தரும்போது அப்பா பார்ப்பதுபோல. பிறகு என்னைக் கேட்காமலே இடது காலையும் அவிழ்த்து, அதேபோல் கட்டினார். ஒன்று இறுக்கமும் மற்றது தளர்வுமாக இருந்தால் நடை கோணுமாம்.

நான் "மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் முப்பது வருடம் பாலர் வகுப்பு ஆசிரியராக இருந்தவராம். முப்பது பிள்ளைகள், அறுபது சப்பாத்துகள், பனிக்காலம் என்றால் ஒரு நாளைக்கு நாலு தரம். "அதில் ஒருவர்கூட என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை" என்றார்.

கட்டுவதற்கு எடுத்த நேரத்தைவிட எழும்புவதற்கு அவருக்கு நேரம் எடுத்தது. நான் கை கொடுத்தேன். என் பலம் உங்களுக்குத் தெரியும், அவர் பலம் அதற்குச் சற்று மேல். இரண்டு பேரும் சேர்ந்து விழாமல் தப்பியது பிள்ளையார் செயல். அவருடைய காற்சட்டையின் முழங்காலில் ஈரம் வட்டமாக ஊறியிருந்தது. கடைசிவரை என் கண் அந்த வட்டத்திலேயே இருந்தது.

மிச்சத் தூரத்தைச் சேர்ந்து நடந்தோம். அவர் ஏன் எனக்குப் பின்னால் வந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த மேலங்கி போட்டவருக்கு டெயில் வாக்கர் என்று பெயர். எல்லோருக்கும் பின்னால் நடந்து, கடைசி ஆளாகப் போய்ச் சேருவதுதான் அவர் வேலை. சம்பளம் கிடையாது, ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது தொண்டர் வருவார்கள். இதைத் தமிழாக்கிப் பார்த்தேன்: வால்நடையாளர். வால்பிடிப்பவரின் உறவினர் மாதிரிக் கேட்டதால் விட்டுவிட்டேன்.

முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் பெரியவர் ஆயிற்றே என்று "நீங்கள் முதலில் போங்கள்" என்றேன். அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். "நான் கடைசியாக வராவிட்டால் அடுத்த கிழமை என்னை வேலைக்கு எடுக்க மாட்டார்கள்" என்றார். அப்படித்தான் நான் முதலில் போனேன். மகள் உட்படப் பத்துப் பதினைந்து பேர் அங்கே நின்று கை தட்டினார்கள்.

கடைசியாக வருகிறவருக்குக் கை தட்டுவது என்றாலே எனக்கு ஆகாது. ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டியில் இருநூறு மீற்றர் ஓடி, மற்றவர்கள் தண்ணீர் குடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தவள் நான். அன்று கேட்ட கைதட்டலும் விசிலும் எத்தனையோ வருடம் காதில் நின்றன. அதன் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. வருத்தம் வந்த பிறகும் எனக்குப் பெரிய பயம் வலியைப் பற்றியதல்ல. எல்லோரும் தங்கள் பாட்டுக்குப் போய்விட, நான் பின்னால் நின்றுவிடுவேனோ என்பதுதான். நேற்றுக் கை தட்டியவர்கள் என்னைக் கேலி செய்யவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிந்தது. எனக்குப் பின்னாலும் ஒருவர் வந்துகொண்டிருந்தாரே.

மத்தியானம் மின்னஞ்சலில் நேரம் வந்தது: ஒரு மணித்தியாலம் ஒன்பது நிமிடம். இவர் அதை அச்செடுத்துக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிறார். அதில் நாடா கட்டிய ஐந்து நிமிடத்தைக் கழிக்க வேண்டும் என்று மகள் வாதாடுகிறாள். கழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள். புட்டும் இடியப்பமும் சொதியும் முறை வைத்துக் கொண்டுவந்தவர்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் கார் ஓட்டியவர். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் தன் பிள்ளையோடு சேர்த்து ஏற்றி இறக்கியவர். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு வெள்ளியும் என் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள். வந்து ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போன அந்த அக்கா. ஊரிலிருந்து நேர வித்தியாசம் பாராமல் எடுத்த தங்கை. இரவு நேரத் தாதிமார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் எழுத வேண்டும், ஆனால் என்னால் முடியாது. இதிலேயே பங்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் செய்தபோதெல்லாம் "ஐயோ, எதற்கு இதெல்லாம்" என்று சொல்லிச் சொல்லியே வாங்கினேன். இப்போது நினைத்தால் அதுவும் காலை இழுத்ததுதான்.

குனிய முடிகிற நாள் வந்தால் அந்தச் செம்மஞ்சள் மேலங்கியை நானும் ஒரு சனிக்கிழமை போடுவேன். மகள் இப்போதே பெயரைக் கொடுக்கப் பார்த்தாள், பொறு என்றேன். சொன்னதை நீங்கள் எல்லோரும் வாசித்துவிட்டீர்கள், இனிப் பின்வாங்க முடியாது.

பெரியவரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வருவார் என்ற நம்பிக்கையில் பருத்தித்துறை வடை சுடப்போகிறேன். உறைப்பு அவருக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ, அதனால் மிளகாய்த்தூள் குறைத்து ஒரு பங்கு தனியாக. மிச்சம் உங்களுக்கு. என் குசினியில் உங்களுடைய சாப்பாட்டுப் பெட்டிகள் பத்தொன்பது இருக்கின்றன, மூடிகள் பதினாறு. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் பெட்டியாகத் தர மாட்டேன்.

அன்புடன்,
டோல்வேர்த்திலிருந்து உங்கள் அக்கா