ஆதியாகமத்தின் இரண்டு அதிகாரங்களும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும்

வேலூர்ப் பகுதி ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான உடன் ஊழியர்களே,

ஆண்டவருடைய நாமத்தில் வாழ்த்துகள். காட்பாடியில் வார நாட்களில் தமிழாசிரியராகவும் ஞாயிறு காலைகளில் உங்களைப் போலவே ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் பல்லாண்டுகள் இருந்தவன் நான். என் கையால் நேர்ந்த ஒரு பிழையை முன்னிட்டே இம்மடலை எழுதுகிறேன்.

வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தை ஒட்டி, "படைப்பின் வரிசையை எழுதுக" என்பது ஆண்டுத் தேர்வில் தவறாமல் வரும் ஐந்து மதிப்பெண் வினா. வகுப்புச் சுவரில் படைப்பின் ஏழு நாட்களுக்கும் ஏழு கட்டங்கள் போட்ட அட்டை தொங்குகிறது. பிள்ளைகள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஓர் ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "மனுஷன், மிருகங்கள், மனுஷி" என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் 2:7, 2:19, 2:22 என்று அதிகார, வசன எண்களையும் குறித்திருந்தாள். நான் அந்த எண்களைப் பார்க்கவேயில்லை. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மறுவாரம் அவள் வேதாகமத்தோடு வந்து, "ஐயா, இதில் அப்படித்தானே இருக்கிறது?" என்று விரலை வைத்துக் காட்டியபோது, "அதெல்லாம் பெரியவளானால் புரியும்" என்று சொல்லி அனுப்பினேன். பெரியவனான எனக்கே அன்று புரிந்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

அவள் விரல் வைத்த இடம் சரியானதே. முதல் அதிகாரத்தில் மூன்றாம் நாள் புல்லும் மரமும், நான்காம் நாள் சூரிய சந்திரரும், ஐந்தாம் நாள் மீனும் பறவையும், ஆறாம் நாள் முதலில் மிருகங்களும் பிறகு ஆணும் பெண்ணுமாக மனிதரும் வருகிறார்கள். இரண்டாம் அதிகாரம் நான்காம் வசனம் தொடங்கியோ, செடி முளைக்காத நிலத்தில் முதலில் மனிதன், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், கடைசியாக அவன் விலா எலும்பிலிருந்து பெண் என்று வரிசை மாறுகிறது. கடவுளைக் குறிக்கும் பெயரும் மாறுகிறது. 2:3 வரையான முதற்பகுதியின் எபிரெய மூலத்தில் 35 முறை வருவது எலோஹிம் என்ற சொல் மட்டுமே. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைத் "தேவன்" என்று தந்து, 2:4 முதல் "தேவனாகிய கர்த்தர்" என்று பேதத்தைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. நாம் வாசித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

இவற்றுள் சிலவற்றை இணக்குவது கடினமன்று. 2:5 சொல்லும் செடிகள் "நிலத்தினுடைய" செடிகள். அவை இல்லாததற்கு அவ்வசனமே தரும் காரணங்கள் மழையின்மையும் உழவன் இன்மையும் ஆகும். ஆகவே அங்கே பேசப்படுவது உழுது விளைவிக்கும் பயிர் என்று கொள்ள இடமுண்டு. பாவத்துக்குப் பின் ஆதாம் உண்ணப்போவதாக 3:18 கூறும் "வெளியின் பயிர்வகை" என்பதிலும் அதே எபிரெயச் சொற்றொடர்தான் இருக்கிறது. இந்த விளக்கத்தை நான் மனமார ஏற்கிறேன்.

மிருகங்களைப் பற்றிய விளக்கத்தை அப்படி ஏற்க முடியவில்லை. 2:19-ஐ, "ஏற்கெனவே உருவாக்கியிருந்த மிருகங்களைக் கொண்டுவந்தார்" என்று வாசித்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சில ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அவ்வாறே பெயர்த்திருக்கின்றன. தமிழில் "மண்ணினாலே உருவாக்கி… அவனிடத்தில் கொண்டுவந்தார்" என்று இருக்கிறது. "உருவாக்கி" என்பது வினையெச்சம். கொண்டுவந்ததற்கு முன் உருவாக்கினார் என்பதற்கு மேல் அது எதையும் உறுதிப்படுத்தாது, ஆதலால் தமிழ் வாசகனுக்கு இந்த வழி இன்னும் எளிதாகத் திறக்கிறது. நானும் சில காலம் இந்த எச்சத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவன்தான். ஆனால் ஒரு வசனம் முன்னே போய்ப் பார்த்தால், மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல, ஏற்ற துணையை உண்டாக்குவேன் என்று கடவுள் சொல்கிறார். அதைத் தொடர்ந்தே மிருகங்களை உருவாக்கிக் கொண்டுவருகிறார். அவற்றுள் ஏற்ற துணை காணப்படாமையால் பெண்ணை உண்டாக்குகிறார். தனிமை, தேடல், காணாமை, கண்டடைதல் என்று செல்லும் இக்கதையின் ஓட்டம் மிருகங்கள் மனிதனுக்குப் பின் வருவதையே வேண்டி நிற்கிறது. எச்சத்தைக் கொண்டு வரிசையைச் சரிசெய்தால் கதை தளர்ந்துபோகிறது.

அப்படியானால் முதல் அதிகாரத்தின் வரிசை என்ன ஆகும்? தமிழ் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கும் இடம் இதுதான். முதல் நாள் ஒளி, நான்காம் நாள் ஒளிதரும் சுடர்கள். இரண்டாம் நாள் நீரும் வானும், ஐந்தாம் நாள் மீனும் பறவையும். மூன்றாம் நாள் நிலம், ஆறாம் நாள் நிலத்தில் வாழ்வன. இடங்களை ஒரு நிரலிலும், அவ்விடங்களில் வாழ்வனவற்றை அதே முறையில் மறு நிரலிலும் வைத்திருக்கிறார் ஆசிரியர். இதை நாம் நிரல்நிறை என்போம். அன்புக்குப் பண்பையும் அறத்துக்குப் பயனையும் வள்ளுவர் நிறுத்தியதைப் படித்த பிள்ளைக்கு இதை விளக்கப் பத்து நிமிடம் போதும். சூரியன் நான்காம் நாள்தான் வருகிறதென்றால் முதல் மூன்று நாட்களின் மாலையும் விடியலும் எப்படி வந்தன என்ற கேள்வியும் அதோடு அமைதியாகிவிடும். அந்த ஏழு நாட்களும் பொருளை அடுக்கிக் காட்டும் சட்டம். நாட்குறிப்பாக அவற்றைப் படித்ததுதான் நம் தவறு.

இரண்டு பகுதிகளும் தொடங்கும் நிலமே வேறு. முதலாவதில் எங்கும் நீர்; அதைப் பிரித்து ஒதுக்கினால்தான் தரை தெரியும். இரண்டாவதில் மழையே இல்லை. நீர் எழும்பி வந்தால்தான் மண் நனையும். 2:6-இல் "மூடுபனி" என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் "ஊற்று" என்றே பெயர்த்தார்கள். பாலாற்று மணலைக் கையால் பறித்து, பள்ளத்தில் நீர் ஊறும்வரை குடத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் நம் சபைகளில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. அதே பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு முதல் அதிகாரத்தின் ஆழமும் இருளும் விளங்கும். முதற்பகுதி, யூதர் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தை ஒட்டி உருப்பெற்றது என்று ஆய்வாளர் பலர் கருதுவதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இரண்டையும் அருகருகே வைத்த கை இந்த வேறுபாட்டை அறியாமல் வைத்திருக்க முடியாது. அழித்து ஒன்றாக்க அவருக்கு வாய்ப்பிருந்தும் அவர் அவ்வாறு செய்யவில்லை.

இவையெல்லாம் இன்றைய நாத்திகர் கிளப்பிய கேள்விகள் என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்கிறேன். மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை அறிஞர் ஓரிகன், சூரியன் இல்லாத மூன்று நாட்களை அறிவுள்ள எவர் சொல்லுக்குச் சொல் நம்புவார் என்று கேட்டுவிட்டார். திருச்சபையின் பழைய போதகரான அகுஸ்தீன், கடவுள் யாவற்றையும் ஒருங்கே படைத்து விதைகளாய் வைத்ததை முதற்பகுதியும், அவை காலத்தில் முளைத்து வெளிப்பட்டதை இரண்டாம் பகுதியும் சொல்வதாக விளக்கினார். கடவுளின் பெயர் மாறுவதைக் கொண்டு, இந்நூலை எழுதியவராக மரபு சொல்லும் மோசேயின் கையில் இரண்டு மூல ஏடுகள் இருந்திருக்க வேண்டும் என்று 1753-இல் எழுதிய ழான் அஸ்த்ருக் ஒரு மருத்துவர். மருத்துவர்கள் நிறைந்த நம் ஊரில் இது ஏனோ பேசப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மத்தேயு 19-இல் மனைவியைத் தள்ளிவிடுவதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, "ஆணும் பெண்ணுமாக" என்பதை முதல் அதிகாரத்திலிருந்தும், "ஒரே மாம்சமாயிருப்பார்கள்" என்பதை இரண்டாம் அதிகாரத்திலிருந்தும் எடுத்து ஒரே மூச்சில் சொன்னவர் நம் ஆண்டவர். எது முந்தியது என்ற வரிசை அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. "வரிசையை எழுதுக" என்ற வினாவை அடுத்த தேர்விலிருந்து எடுத்துவிட்டு, "இரண்டு அதிகாரங்களையும் வாசித்து, வேறுபடும் இரண்டு இடங்களைக் குறிப்பிடுக, ஒவ்வோர் அதிகாரமும் மனிதரைப் பற்றிச் சொல்வது என்ன?" என்று கேளுங்கள். ஏழு கட்ட அட்டை தொங்கட்டும். அதன் பக்கத்தில் தோட்டத்தின் படமும் தொங்கட்டும். வசன எண்ணோடு எழுதப்பட்ட விடையை, அந்த வசனத்தைத் திறந்து பாராமல் எவரும் திருத்தக் கூடாது என்று திருத்துவோருக்கான குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

அச்சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கிறாள் என்று அறிகிறேன். அவளுக்கு இம்மடலின் படி ஒன்றைத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து என்று மேலே எழுதி, கையொப்பமும் இட்டு.

இப்படிக்கு,
தங்கள் உடன் ஊழியன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காட்பாடி