வேலையில் இருக்கும் நாயைக் கொஞ்சாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனிதருக்கு உதவும் நாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையை மகள் வாசித்துக் காட்டினாள். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு ஆறுதலாகப் பழகும் நாய், உடனிருப்பதாலேயே மனத்தெம்பு தரும் வீட்டு நாய், என்னை நடத்திச் செல்லும் வழிகாட்டி நாய் மூன்றையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். முதல் வகையைத் தடவிக் கொடுக்கலாம். அதற்காகத்தான் அது வருகிறது. என் நாயைத் தொடாதீர்கள்.

சிக்னலை நாய் பார்த்துச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. வண்டிகளின் ஓசையைக் கேட்டு, கடக்கலாம் என்று கட்டளையிடுவது நான். ஓசையின்றி ஒரு மின்சாரக் கார் வந்தால், நான் எத்தனை முறை சொன்னாலும் நாய் அசையாது. சேணத்தின் கைப்பிடி என் உள்ளங்கையில் அப்படியே இறுகும். சொன்னதைக் கேட்க எந்த நாயையும் பழக்கிவிடலாம். எப்போது மீற வேண்டும் என்று பழக்குவதில்தான் பயிற்சியாளரின் திறமை இருக்கிறது. போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் 1916இல் இதற்கென்றே பள்ளி திறந்தார்கள்.

நாங்கள் சாலையைக் கடக்கும் நேரத்தில் ஒருவர் நாயைப் பார்த்து நாக்கைச் சொடுக்கி பிஸ்கட் நீட்டினால்? நீட்டுகிறார்கள், ஐயா, நன்கு படித்தவர்களே.

கட்டுரையோடு வந்த படத்தில், சேணம் பூட்டிய நாயை ஒரு சிறுவன் கட்டிக்கொண்டு நிற்கிறானாம். அடுத்த முறை வேறு படம் போடுங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்ற வாசகர் ஒருவர்