தடா, பொடா, ஊபா: நாட்களை எண்ணப் பழகு

அன்புள்ள கண்ணம்மா,

ஊபாவில், அதாவது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், முதல் கேஸ் கட்டு உன் மேசைக்கு வந்திருப்பதாகச் சொன்னாய். சட்டத்தின் பெயரைப் பார்த்து மிரளாதே. ஒவ்வொரு பிரிவும் எங்கிருந்து வந்தது என்று பார். இங்கே சட்டம் செத்தாலும் அதன் பிரிவுகள் வேறு வீட்டில் குடியேறிவிடும்.

1985 மே மாதம் டெல்லியில் டிரான்சிஸ்டர் குண்டுகள் வெடித்தன. அதே மாதம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா வந்தது. அதில் விஷமே, 1987-இல் மறுபடி இயற்றியபோது சேர்ந்த 15-ஆம் பிரிவுதான். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் மற்ற வழக்குகளில் செல்லாது, தடாவில் எஸ்.பி. ஒருவர் பதிந்தால் செல்லும். ராஜீவ் கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் 19 பேர் வெளியே வந்தார்கள். தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்ற அதே தீர்ப்பு, தடாவில் எடுத்த வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அந்த வழக்கின் கைதி பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிந்த அதிகாரியே 2013-இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளனுக்கு விடுதலை 2022-இல்தான் கிடைத்தது.

தடா 1995-இல் காலாவதியானது. 2001 அக்டோபரில் அதே வகைச் சட்டமான பொடா அவசரச் சட்டமாக வந்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட, 2002 மார்ச்சில் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதை ஆதரித்த வைகோவையே திருமங்கலம் பேச்சுக்காக அந்தச் சட்டம் 19 மாதம் உள்ளே வைத்தது. 2004-இல் பொடா ரத்து. அதே ஆண்டு அதன் பயங்கரவாத அத்தியாயம் 1967-ஆம் ஆண்டின் ஊபாவுக்குள் போய் உட்கார்ந்தது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, 2008 டிசம்பர் திருத்தத்தில், காவல் நாட்களையும் ஜாமீனையும் பற்றிய 43டி பிரிவு ஊபாவுக்குள் வந்தது. போலீஸ் வாக்குமூலப் பிரிவு மட்டும் கூட வரவில்லை, அந்த மட்டில் நிம்மதி.

உனக்கு வேலை 43டியில்தான். குற்றப்பத்திரிகைக்கு உள்ள 90 நாள் கெடுவில் ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ணு. 2023-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. 90 நாளை 180 ஆக்க அரசு வழக்கறிஞரின் அறிக்கை வேண்டும். விசாரணை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதோடு, இந்த ஆள் இன்னும் ஏன் உள்ளே இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. விசாரணை அதிகாரியின் மனுவையே அப்படியே நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் பிடி. நீட்டித்தது சிறப்பு நீதிமன்றமா, அன்று உன் கட்சிக்காரரை நேரிலோ வீடியோவிலோ ஆஜர்படுத்தினார்களா என்றும் பார்.

நீட்டிப்பும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை என்றால், 91-ஆம் நாள் கோர்ட் திறக்கும்போதே ஜாமீன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். தாக்கல் நேரத்தைக் குறித்து வாங்கு, ஜாமீன்தாரர்களைத் தயாராக வை. குற்றப்பத்திரிகை பதினொரு மணிக்கு வந்து நீ பன்னிரண்டுக்குப் போனால் அந்த உரிமை போயிற்று.

அது தவறினால் 43டி(5) என்ற சுவர். முதல் பார்வைக்குக் குற்றச்சாட்டு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது. சாட்சியத்தை ஜாமீன் கட்டத்திலேயே கிளறாதே என்று 2019-இல் வாடாலி தீர்ப்பு அதை இன்னும் உயர்த்தியது. ஓட்டை போட்டது 2021 நஜீப் தீர்ப்பு. ஐந்து வருடத்துக்கு மேல் சிறை, விசாரிக்க இன்னும் 276 சாட்சிகள் என்பதால் அங்கே ஜாமீன் நிலைத்தது. ஆகவே சாட்சிப் பட்டியலை எண்ணி, மாதத்துக்கு எத்தனை பேர் விசாரிக்கப்படுகிறார்கள் என்று கணக்குப் போட்டு மனுவில் எழுது.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவிலும் இதே பயங்கரவாதக் குற்றம் இருக்கிறது. எதில் பதிவது என்பதை எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி முடிவு செய்வார். 113-க்கு 43டி போன்ற ஜாமீன் தடை கிடையாது. எஃப்.ஐ.ஆரில் எது இருக்கிறதென்று பார்த்துவிட்டு இரவு கூப்பிடு.

அப்பா