அந்தக் குச்சிக்கு ஒரு விசை கொடுங்கள்

விசைப்பலகைகளையும் எழுத்துருக்களையும் உருவாக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஒரே ஓர் எழுத்துக்காக இந்த மடலை எழுதுகிறேன். பார்த்தால் நேராக நிற்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். ரஷ்ய மொழியில் அதன் பெயர் பாலோச்கா, அதாவது சின்னக் குச்சி. செச்சென், இங்குஷ், அவார், லெஸ்கி, கபார்டியன், அடிகே என்று ரஷ்யாவின் தெற்கே உள்ள காக்கசஸ் பகுதியின் பல மொழிகளைச் சிரில்லிக்கில், அதாவது ரஷ்ய மொழிக்குப் பயன்படும் எழுத்துமுறையில், எழுத இந்தக் குச்சி வேண்டும்.

பெரும்பாலும் ஒரு மெய்யெழுத்தை அடுத்து நின்று, குரல்வளையை மூடி அதை வெடிப்பாக ஒலிக்கச் சொல்கிறது. செச்சென் மொழியில் 'த்ஸா' என்பதை அப்படி ஒலித்தால் வீடு. குச்சியை எடுத்துவிட்டால் அதே எழுத்துகள் 'இல்லை' என்று மறுக்கும் சொல்லாகிவிடும். வீட்டையே இல்லாமல் ஆக்கிவிடுகிற ஒரு கோட்டை எப்படி விட்டுவிட முடியும்?

செச்சென் மொழி 1938இல் லத்தீனிலிருந்து சிரில்லிக்குக்கு மாற்றப்பட்டது. கணினி வந்தபோது விண்டோஸ்-1251, கோய்8-ஆர் போன்ற ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும், 256 இடங்களே கொண்ட குறியீட்டு அட்டவணைகளில் குச்சிக்கு இடம் கிடைக்கவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் ஒரே அட்டவணையில் சேர்க்கும் யூனிகோடு இடம் கொடுத்தது. ஆனால் வழக்கமான ரஷ்ய விசைப்பலகையில் அதற்கு இன்றும் விசை இல்லை. மக்கள் என்ன செய்வார்கள்? எண் 1ஐப் போடுகிறார்கள், ஆங்கிலத்தின் பெரிய ஐ அல்லது சின்ன எல் போடுகிறார்கள், உக்ரைனிய மொழியின் இ எழுத்தைக் கடன் வாங்குகிறார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே கோடு. கணினிக்கோ வெவ்வேறு குறிகள். ஒருவர் 1 போட்டு எழுதியதை, சரியான குச்சியோடு தேடுபவர் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துப்பிழை திருத்தியும் திணறும்.

இந்த வலி எனக்குத் தெரியும். ஒரு மின்னூல் பட்டியலில் ஔவையாரைத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம் 'ஒ' போட்டு, பக்கத்தில் 'ள' போட்டுத் தேடினேன். வரிசையாக வந்தன. ஆனால் எங்கள் ஔவுக்கு விசைப்பலகையில் இடம் இருக்கிறது. இருந்தும் தவறு நடக்கிறது. விசையே இல்லாதவர்களை எப்படிக் குறை சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் யூனிகோடில் ஒரே குச்சிதான் இருந்தது. 2006இல் வந்த 5.0 பதிப்பில் சிறிய எழுத்து வடிவம் தனியாகச் சேர்ந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பலர் எல்லா இடத்திலும் பெரியதையே எழுதுகிறார்கள். அதனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவில் ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு மற்றதை வெறும் கட்டமாக விட்டுவிடாதீர்கள்.

ரஷ்யக் கைபேசி விசைப்பலகையில் 'யெ' விசையை அழுத்திப் பிடித்தால் 'யோ' வருகிறது. அதேபோல 1ஐ அழுத்திப் பிடித்தால் குச்சி வரட்டும். ஏற்கெனவே 1 போட்டுப் பழகிவிட்ட கைகளும் அங்கேதான் போகும். இந்த மொழிகளில் எழுதும்போது இரண்டு சிரில்லிக் எழுத்துகளுக்கு நடுவே 1 வந்தால், 'குச்சியா?' என்று கேளுங்கள். கேட்காமல் மாற்றிவிட வேண்டாம். எழுதுகிறவருக்குத்தான் அவர் மொழி தெரியும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகன்