கடனைக் கடனால் பெருக்கினால்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். 5-ஆம் தேதியே பணம் வந்துவிட்டது. பண விஷயத்தில் நீ ஒரு நாளும் பிந்தியதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். போனைத்தான் எடுப்பதில்லை. வேலை ஜாஸ்தி என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மஸ்கட் வெயிலில் ரொம்ப நிற்காதே, வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் பாப்பாவிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், ஆனால் படித்துவிடுவாள். அதனால் தபாலில் போடுகிறேன்.

அவளுக்குக் காலாண்டுப் பரீட்சை வருகிறது. ஏழாம் வகுப்புப் புத்தகத்தை அவளோடு நானும்தான் படிக்கிறேன். அறிவியலில் செடிகளின் மாற்றுருக்கள் என்று வருகிறது. இஞ்சி வேர் இல்லையாம், தண்டாம். உருளைக்கிழங்கும் தண்டுதான், சர்க்கரைவள்ளி மட்டும் வேர். உன் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "மண்ணுக்குள்ள இருந்தா வேர்தான்டி" என்று ஒரே பிடி. பாப்பா அடுக்களையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்து வந்து, இது கணு, இது செதில் இலை, இதோ மொட்டு என்று நகத்தால் ஒவ்வொன்றாய்க் காட்டினாள். அப்புறம் அதையே தட்டிப் போட்டுத்தான் டீ.

சமூக அறிவியலில் சோழர் பாடம். படித்தால் போதாது என்று போன சனிக்கிழமை பஸ் பிடித்து உத்திரமேரூருக்கே கூட்டிப் போனேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரெல்லாம் எழுத்து. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பேர் எழுத 35 வயது ஆகியிருக்க வேண்டும், 70 தாண்டியிருக்கக் கூடாது, சொந்த மனையில் வீடு வேண்டும். "தாத்தா, உனக்கு 71. நீ அவுட்" என்றாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் இடமில்லை, அவன் சொந்தக்காரர்களுக்கும் இல்லை. சொந்தக்காரங்க என்ன தப்பு பண்ணாங்க என்று கேட்டாள். மண்டியில் நாற்பது வருஷம் பேரேடு எழுதினவன், எனக்குப் பதில் வரவில்லை. திரும்பும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு நான்தான் போனேன். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவின் அம்மா வருகிறாள். திண்ணையில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டுப் போகிறாள். போன வாரம் காபி குடித்தாள். அவளிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டேன், உன் இஷ்டம். போனை மட்டும் எடு.

தமிழில் ஒரு புறநானூற்றுப் பாட்டு, காவற்பெண்டு பாடியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒருத்தி வந்து வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ எனக்குத் தெரியாது, புலி தங்கிப்போன குகை மாதிரி அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில்தான் தென்படுவான் என்கிறாள் தாய். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு அரிவாள்மணை மேல் கை நின்றுவிட்டது. "அவளாவது தெரியாதுன்னு சொல்லிட்டா. ரேஷன் கடையில கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள். பாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

கணக்கில் கெட்டி, உன்னை மாதிரி. உன்னை மாதிரியே கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். முழுக்கள் பாடத்தில் நேற்று (−4) × (−3) என்று ஒரு கணக்கு. +12 என்று எழுதினாள். எனக்குத் திக்கென்றது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தெரியவில்லை. இல்லாமல் இருக்காது. நீ ஏழாவது படித்தபோது இதே மாதிரி ஒரு கணக்கு. கடனைக் கடனால் பெருக்கினால் எப்படிடா வரவாகும், மண்டிக் கணக்குப்பிள்ளைக்கே நீ கணக்குச் சொல்லித்தருகிறாயா என்று ஸ்கேலால் அடித்தேன். அழித்து −12 என்று எழுத வைத்தேன். நீ எழுதினாய், அழவில்லை. மறுநாள் ராத்திரி நீ தூங்கின பிறகு நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடத்தில் அதை அடித்துவிட்டு மறுபடி +12 என்று எழுதியிருந்தாய். சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்கள். நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் ஆகப்போகிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ என்னிடம் எதையும் சொல்லாமல் போனது அதற்கப்புறம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

எப்படி +12 என்று நேற்று பாப்பாவிடமே கேட்டேன். சிலேட்டில் போட்டுக் காட்டினாள். −4-ஐ மூன்றால் பெருக்கினால் −12, இரண்டால் −8, ஒன்றால் −4, சுழியால் சுழி. படிக்குப் படி நாலு ஏறுகிறது பார், அப்போ −1-ஆல் பெருக்கினால் என்ன வரும், நீயே சொல்லு என்றாள். நாலு என்றேன். "வெரி குட் தாத்தா" என்றாள்.

நீ அனுப்பிய மருந்து இன்னும் இருக்கிறது, புதிதாக அனுப்ப வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. அங்கே ஏழு மணி என்றால் இங்கே எட்டரை, பாப்பா சாப்பிட்டு முடித்திருப்பாள். போனை அவள்தான் எடுப்பாள். பேசி முடித்ததும் அவளே வைத்துவிடட்டும், நான் வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பா